கதர் அங்கி போட்ட சுப்பாராவ்

நம்ம கும்மிடிப்பூண்டி வழியா போற விஜயவாடா ரயில் பாதை அந்தக் காலத்துலயும் இருந்தது. கோதாவரிக் கரையிலிருந்து மெட்ராஸுக்குப் படிக்க வந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். அண்ணன், தம்பி ரெண்டு பேரும் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இறந்துபோனாங்க. அதுக்கு அப்போ மருந்தே கிடையாது.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டுக்கிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கலை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிட மதிப்புக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. (இன்டர்னல் மார்க்குல கை வைக்கிறது அப்பவே உண்டு போல!)

1922-இல் பாஸ்டன் போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, ராத்திரி ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவும் வேலை. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறை 1925-இல் வெளிவந்தது. அவர் பெயர் இன்னும் பயோகெமிஸ்ட்ரி லேப்ல இருக்கு.

1940-இல் நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே கம்பெனிக்கு மாறினார். பென்சிலின் எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. குறிப்பா கிராம் நெகட்டிவ் கிருமிகள் பலதுக்கிட்ட அது எடுபடாது. அதனால் சுப்பாராவ் குழு பல ஊர் மண்ணை வரவழைத்து அலசியது. எழுபது வயது தாண்டிய தாவரவியலாளர் டக்கர், மிசௌரி மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்றைப் பிடித்தார். அதிலிருந்து வந்ததுதான் ஆரியோமைசின், முதல் டெட்ராசைக்ளின். ரெண்டு வகைக் கிருமிகளையும் அடக்கும், வாய்வழியாகவே சாப்பிடலாம். மருந்து வெளியானது 1948-இல். அதே ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார்.

அடுத்து நடந்ததை அவர் பார்க்கலை. 1953-இலேயே அந்த மருந்துக்கு அடங்காத சீதபேதிக் கிருமி கிடைத்தது. மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, கிருமி தன் சுவரில் ஒரு பம்ப் வைத்து, உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளிடும். அந்த பம்புக்கான டிசைனைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துடும். இதுக்கு நடுவுல, கோழி சீக்கிரம் வளருதுன்னு தீவனத்திலும் ஆரியோமைசினைக் கலந்தாங்க. கிருமிக்கு இலவச கோச்சிங்!

பம்பைத் தாண்டிப் போகிற டைஜிசைக்ளின் அதே பேர்ல் ரிவரில் உருவாகி 2005-இல் வந்தது. ஆனா அது திசுக்களுக்குள் போயிடும், ரத்தத்தில் கொஞ்சம்தான் நிற்கும். ஐசியூ-வில் கழுத்து ரத்தக்குழாயில் போட்ட டியூப் வழியா கிருமி ரத்தத்தில் ஏறி, கார்பபெனமும் கேட்கலைன்னா, இதை மட்டும் நம்ப முடியாது. கிட்னியைப் பாதிக்கும்னு ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த கோலிஸ்டினை டாக்டர்கள் இப்போ மறுபடி கையில் எடுக்கிறாங்க.