செத்துப் பிழைத்த கழுதை

சார்லஸ் வாட்டர்டன் 1782-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பறவைப் பிரியர், காடு சுற்றி.

1812-ல் தென் அமெரிக்காவின் கயானா காட்டுக்குப் போனார். அங்கே பழங்குடி வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் 'வூராலி' என்ற விஷம் தடவுவார்கள். குராரே என்பதும் இதுதான். காட்டுப்பன்றிக்கான மூன்று அம்புகளைச் சுமார் 450 கிலோ எருது ஒன்றின் மேல் விட்டுப் பார்த்தார். 25 நிமிடத்தில் கதை முடிஞ்சுபோச்சு!

எப்படி? நரம்பு தசையைத் தொடும் இடத்தில் விஷம் உட்கார்ந்துகொள்ளும். மூளையின் கட்டளை தசைக்குப் போகாது. மூச்சு இழுக்கும் தசையும் நின்றுவிடும். ஆனால் இதயம் சிறிது நேரம் துடிக்கும். (இதைப் பிறகு விளக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்டு.)

அப்படியானால் நாமே மூச்சு கொடுத்தால்?

1814-ல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு வூராலி ஏற்றினார்கள். பாவம், அது என்ன தப்பு பண்ணிச்சு! பத்தே நிமிடத்தில் செத்தது போல விழுந்தது. மூச்சுக்குழாயில் துளை போட்டு, துருத்தியால் காற்று ஊதினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கியது. ஊதுவதை நிறுத்தியதும் மறுபடி சாய்ந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் விடாமல் ஊதினார்கள். எழுந்து நடந்தது!

'வூராலியா' என்று பெயர் வைத்தார்கள். வாட்டர்டனின் தோட்டத்திலேயே 1839 வரை வாழ்ந்தது. வாட்டர்டன் 1865-ல் இறந்தார்.