மூதறிஞர் ராஜாஜியும் அணுகுண்டுச் சோதனையும்

எங்கள் நல்லம்பள்ளியிலிருந்து பேருந்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் ஓசூர். அதன் அருகே தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தவர் ராஜாஜி. அவர் சேலத்தில் வழக்கறிஞராக இருந்ததும் கவர்னர் ஜெனரல் ஆனதும் நாம் பாடத்தில் படித்தவையே. அவருடைய கல்வித் திட்டத்தைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் கோபம் வரும். நாங்கள் எழுத வந்தது வேறு.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தொலைவில் மீன் பிடித்த ஜப்பானியப் படகிலிருந்த 23 பேர் மீதும் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. ஒருவர் அவ்வாண்டே இறந்தார். குண்டு வெடித்த அரசுகள் தாம் அறிந்ததை மக்களிடம் முழுதும் சொல்லவில்லை. குண்டே இல்லாத நம் அரசோ, விஞ்ஞானி கோத்தாரி முதலியோரைக் கொண்டு அதன் கேடுகளை ஆராய்ந்து, 1956-இல் யாவரும் வாங்கிப் படிக்க நூலாக வெளியிட்டது.

முதலமைச்சர் பதவியை விட்டிருந்த ராஜாஜி, சோதனைகளை நிறுத்தச் சொல்லி ஓயாமல் எழுதினார். சண்டையில் சேராத நாட்டின் காற்றையும் நஞ்சாக்க எவருக்கும் உரிமையில்லை என்பது அவர் வாதம். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் வாஷிங்டன் சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார். குறித்த நேரம் கடந்தும் பேச்சு நீண்டதாம். அந்த வயதில் எங்கள் தாத்தாக்கள் தருமபுரிச் சந்தைக்குப் போகவே யோசிப்பார்கள்!

1963 ஆகஸ்டில் வல்லரசுகள் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதிப்பதில்லை என ஒப்பந்தம் செய்தன. நிலத்தடிச் சோதனைகள் மட்டும் நிற்கவில்லை.

ராஜாஜி 1972-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் காலமானார். அமெரிக்காவின் நெவாடாச் சோதனைகளில் எழுந்த கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பால் வழியே குழந்தைகளின் தைராய்டுச் சுரப்பியைச் சேர்ந்த கணக்கை அந்நாட்டு அரசு 1997-இல்தான் வெளியிட்டது. புகைப்படச் சுருள் செய்யும் கம்பெனிகளுக்கு, சுருள் கெடாதிருக்க, முன்கூட்டியே தகவல் போயிருந்ததும் அவ்வாண்டுதான் ஊருக்குத் தெரிந்தது. பால் கொடுத்த தாய்மாருக்கு அத்தகவல் போகவில்லை.