யெல்லப்பிரகட சுப்பாராவ் (1895 – 1948)



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் உள்ள அலுவிகாரைக் குகை விகாரையை நீங்கள் அறிவீர்கள். வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த திரிபிடகம் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் அங்குதான் ஓலையில் எழுதப்பட்டது. எழுதிய பிக்குகளுள் பலரின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் செய்த வேலையோ நிலைத்துவிட்டது. அவ்வாறே பெயர் அதிகம் அறியப்படாமல், செய்த வேலையால் நிலைத்த ஓர் உயிரிரசாயன அறிஞரை இப்பகுதியிற் காண்போம்.

இளமைக் காலம்

சுப்பாராவ் 1895 சனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் மூன்றாம் முறையே சித்தியடைந்தார். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் மனமுடைந்து போகும் மாணவர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும்.

பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, சத்திரசிகிச்சை வகுப்பிலும் கதராடையே அணிந்தார். இதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தரங்குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார்.

அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்னும் நோயால் இறந்தனர். சிறுகுடல் உணவிலுள்ள சத்துக்களை அகத்துறிஞ்ச முடியாது போவதே இந்நோய். அன்று அதற்குத் தகுந்த மருந்து இருக்கவில்லை.

ஆய்வுகள்

1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், வைத்தியசாலையிற் சிற்றூழியராக வேலை செய்துகொண்டே ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கற்றார். அங்கு பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். 1927இல் பொசுபோகிரியேற்றினையும், 1929இல் ஏ.ரீ.பி.யையும் தசையிலிருந்து கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜேர்மனியில் லோமன் என்பவரும் தனியாக ஏ.ரீ.பி.யைக் கண்டறிந்தார். கலச் சுவாசத்தின்போது ஒட்சிசனின் உதவியுடன் உணவிலிருந்து விடுவிக்கப்படும் சக்தி இந்த ஏ.ரீ.பி.யிலேயே சேமிக்கப்படுகின்றது என்பதை நீங்கள் விஞ்ஞான பாடத்திற் படித்திருப்பீர்கள்.

ஹாவார்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அவருடைய குழு 1945இல் போலிக் அமிலத்தைத் தொகுத்தது. அவரது வழிநடத்தலில் டுக்கார் கண்டறிந்த ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிர்கொல்லி 1948இல் வெளிவந்தது. ஸ்புரூ நோய்க்கு இன்று கொடுக்கப்படுபவை போலிக் அமிலமும், ஓரியோமைசின் சார்ந்த ரெற்றாசைக்கிளின் வகை மருந்துமே. சகோதரர்களைக் காப்பாற்ற முடியாதவரின் ஆய்வுகூடத்திலிருந்தே அவ்விரண்டுக்கும் வழி பிறந்தது.

போலிக் அமிலத்தைக் கலங்கள் பயன்படுத்துவதற்கு ஒரு நொதியம் வேண்டும். அந்நொதியத்தைத் தடுத்தால் புற்றுநோய்க் கலங்கள் பெருக முடியாது. இவ்வகையில் தொழிற்படும் மெதொட்ரெக்சேற்றும் இவருடைய குழுவின் மருந்தே. யானைக்கால் நோய்க்கான டையெதில்காபமசின் 1947இல் வந்தது. இம்மருந்தையும் பயன்படுத்தியே இலங்கை அந்நோயைக் கட்டுப்படுத்தியது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிசெய்தது.

சுப்பாராவ் 1948 ஓகத்து மாதத்தில், 53ஆவது வயதில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நீங்கள் மூச்சுவிடும் ஒவ்வொரு கணமும் உங்கள் கலங்களில் ஏ.ரீ.பி. உருவாகின்றது. அதைப் படிக்கும்போது இவரையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பயிற்சி

1. சுப்பாராவ் எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே பெற்றமைக்குக் காரணம் யாது?
2. ஏ.ரீ.பி. உடலில் ஆற்றும் தொழில் யாது?
3. மெதொட்ரெக்சேற் புற்றுநோய்க் கலங்களின் பெருக்கத்தைத் தடுப்பது எவ்வாறு?