வெண்பனியின் சாயல் அறிந்த கலைஞர் அன்சல் ஆடம்ஸ்

தூரிகையால் புகழ் பெற்றோர் உலகில் பலர். உளியால் புகழ் பெற்றோரும் பலர். புகைப்படக் கருவி ஒன்றையே துணையாகக் கொண்டு, கறுப்பு, வெள்ளை, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சாம்பல் நிறம் ஆகியவற்றை மட்டுமே கையாண்டு, மலைகளின் மாட்சியை உலகறியச் செய்தோர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த அன்சல் ஆடம்ஸ். வெண்பனி போர்த்திய மலையைப் படம் பிடிப்பது எளிது போல் தோன்றும். எல்லாம் வெள்ளைதானே என்று எண்ணுவோம். அந்த ஒரு வெள்ளைக்குள் எத்தனை சாயல்கள் அடங்கியுள்ளன என்பதைக் காட்டியவர் இப்பெருமகனார்.

இளமைப் பருவம்

இவர் 1902ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். சார்லஸ், ஆலிவ் என்போர் இவர்தம் பெற்றோர். இவர் அவர்களுக்கு ஒரே மகன். 1906ஆம் ஆண்டு அந்நகரை உலுக்கிய நிலநடுக்கத்தின் பின்னதிர்வில், நான்கு வயதுச் சிறுவரான இவர் தோட்டச் சுவரின்மீது மோதி விழுந்தார். அன்று முறிந்த மூக்கு வாழ்நாள் முழுவதும் கோணலாகவே இருந்தது. பாட்டனார் காலத்தில் செழித்திருந்த குடும்ப மர வணிகமும் விரைவில் நொடித்துப் போயிற்று.

சிறுவர் அன்சலால் ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்திருக்க இயலவில்லை. பள்ளிகள் மாறினவேயன்றிப் படிப்பு ஏறவில்லை. தந்தையார் மனம் தளரவில்லை. 1915ஆம் ஆண்டு மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே பாடம் பயிலச் செய்தார். அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு ஆண்டு முழுமைக்கும் நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். அன்சல் ஏறத்தாழ நாள்தோறும் அங்குச் சென்று, கண்டும் கேட்டும் கற்றார். பன்னிரண்டு வயதில் தாமாகவே தொடங்கிய பியானோப் பயிற்சி, அலைபாய்ந்த அவர் மனத்தை ஒருநிலைப்படுத்தியது. இசைக் கலைஞராவதே அவருடைய இலட்சியமாயிற்று.

மலை அழைத்தது

1916ஆம் ஆண்டு பெற்றோருடன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது, எளிய பெட்டிக் கேமரா ஒன்று பதினான்கு வயது அன்சலுக்குப் பரிசாகக் கிடைத்தது. அன்று பற்றிய ஆர்வம் பின்னர் அணையவே இல்லை. 1920ஆம் ஆண்டு முதல் நான்கு கோடைக்காலங்களில், இயற்கை பேணும் அமைப்பான சியரா கழகத்தின் மலை விடுதிக்குக் காவலராக அங்கேயே பணியாற்றினார்.

1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அவர் வாழ்வின் திருப்பு முனையாகும். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 4,700 அடி உயர்ந்து நிற்கும் ஹாஃப் டோம் என்னும் பாறை மலையைப் படம் பிடிக்க, கனத்த கேமராவையும் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகளையும் சுமந்து, நண்பர்களுடன் மலையேறினார். ஏப்ரல் மாதமாயினும் அங்கே வெண்பனி உருகவில்லை. உரிய இடத்தை அடைந்தபோது இரண்டு தட்டுகளே எஞ்சியிருந்தன. மஞ்சள் வடிகட்டியைக் கேமராவில் பொருத்தி ஒரு தட்டைப் பயன்படுத்தினார். உடனே ஐயம் எழுந்தது. அப்படத்தில் வானம் வெறும் சாம்பலாகவே வரும்; தம் நெஞ்சை உலுக்கிய மலையின் கம்பீரம் வராது என்பதை உணர்ந்தார். எஞ்சிய ஒரே தட்டிற்கு அடர்ந்த சிவப்பு வடிகட்டியைத் தேர்ந்தார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும். ஆகவே நீல வானம் படத்தில் கரிய வானமாயிற்று; அதன் எதிரே பாறை நிமிர்ந்து நின்றது; வெண்பனி பளிச்சிட்டது. படம் எடுக்கும் முன்னரே முடிந்த படத்தை மனக்கண்ணால் காண வேண்டும் என்னும் பாடத்தை அன்று கற்றார்.

அடுத்த ஆண்டு வெர்ஜினியா பெஸ்ட் என்னும் அம்மையாரை மணந்தார். 1930ஆம் ஆண்டு பால் ஸ்ட்ராண்ட் என்னும் கலைஞரின் நெகட்டிவ்களைக் கண்ட பின்னர், பியானோவை விடுத்துப் புகைப்படக் கலையையே வாழ்க்கைப் பணியாக ஏற்றார்.

பதினொரு படிகள்

நம் நாட்டில் பனி என்றால் பனித்துளியும் மூடுபனியும்தாம். விடியற்காலையில் பால்மரக் காட்டில் மூடுபனி சூழ்ந்திருக்கும்போது, அருகிலுள்ள மரம் கறுத்தும், அடுத்த நிரை சாம்பலாகவும், அதற்கும் அப்பால் உள்ள நிரை வெளுத்தும் தோன்றுவதை மரம் சீவச் செல்வோர் நன்கறிவர். இத்தகைய சாயல்களையே ஆடம்ஸ் எண்ணிட்டு வகுத்தார். 1940ஆம் ஆண்டையொட்டி, பிரெட் ஆர்ச்சர் என்னும் ஆசிரியருடன் இணைந்து அவர் உருவாக்கிய இம்முறையில், முழுக் கறுப்பு 0, நடுச் சாம்பல் 5, முழு வெள்ளை 10 என மொத்தம் பதினொரு படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் அதற்கு முந்தியதைப் போல் இரு மடங்கு ஒளி வேண்டும்.

ஒளியை அளக்கும் கருவி எதைக் கண்டாலும் நடுச் சாம்பல் என்றே கொள்ளும் இயல்புடையது. அது காட்டும் அளவின்படியே வெண்பனியைப் படம் பிடித்தால், பனி சாம்பல் நிறமாக மங்கிவிடும். நான்கு மடங்கு ஒளி கொடுத்தால் 7ஆம் படியில் வெண்மையும் தெரியும். பனியின் நுண்ணிய மேடு பள்ளங்களும் தெரியும். அளவு மீறினால் வெறும் வெள்ளைத் தாளே எஞ்சும். மேலும், தெளிந்த வானத்தின்கீழ் பனிமேல் விழும் நிழல் சற்றே நீலமானது. மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டி அந்நிழலைக் கறுக்கச் செய்து, பனியின் வடிவத்தை எடுத்துக்காட்டும். கருவி அளந்து சொல்லும். எது எந்தப் படியில் அமைய வேண்டும் என்று தேர்வது மனிதனின் பொறுப்பாகும்.

ஐந்தாம் நாள் விடியல்

1944ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், லோன் பைன் என்னும் சிற்றூரிலிருந்து சியரா நெவாடா மலையின் சூரியோதயத்தைப் படம் பிடிக்க நான்கு நாள் விடியலில் சென்று, எண்ணிய காட்சி அமையாமல் திரும்பினார். ஐந்தாம் நாள், கடுங்குளிரில், இருள் விலகும் முன்னரே காரின் கூரைமீது கேமராவை நிறுத்திக் காத்திருந்தார். கதிரவன் எழுந்ததும் பனிச் சிகரங்கள் வெண்மையாய் ஒளிர்ந்தன. முன்னிருந்த குன்றுகள் நிழலில் கறுத்துக் கிடந்தன. புல்வெளியில் ஒளிக்கீற்று ஒன்று படர்ந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த குதிரை, கடைசி நேரத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்றது. அக்கணமே படம் பதிவாயிற்று.

குன்றின்மீது அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் வெள்ளையடித்து அமைத்திருந்த இரண்டு பெரிய எழுத்துகளும் நெகட்டிவில் இருந்தன. அவை கரிய குன்றின் அமைதியைக் கெடுக்கும் எனக் கருதி, படத்திலிருந்து அவற்றை நீக்கினார்.

இருட்டறையிலும் அவர் பணி தொடர்ந்தது. நெகட்டிவை இசைக் குறிப்பிற்கும், அச்சிட்ட படத்தை அதனை இசைக்கும் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் அவர். அச்சிடும்போது சில இடங்களைக் கையால் மறைத்து வெளுக்கச் செய்வார். சில இடங்களுக்கு மிகுதியான ஒளி கொடுத்துக் கறுக்கச் செய்வார். இறுதியில் செலினியக் கரைசலில் படத்தை நனைப்பார். கருமை ஆழ்ந்து, குளிர்ந்த சாயல் தோன்றும். படமும் நெடுநாள் கெடாதிருக்கும். ஒரே நெகட்டிவை ஆண்டுகள் பல கடந்து மீண்டும் அச்சிடுகையில், சாயல்களை மாற்றி அமைத்ததும் உண்டு.

தொண்டும் புகழும்

தம் கலையை இயற்கையைக் காக்கவும் அவர் பயன்படுத்தினார். 1936ஆம் ஆண்டு வாஷிங்டன் நகருக்குப் படங்களுடன் சென்று, கிங்ஸ் கேன்யன் மலைப்பகுதியைப் பாதுகாக்குமாறு வாதாடினார். 1940ஆம் ஆண்டு அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1980ஆம் ஆண்டு அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவருக்குச் சுதந்திரப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தார். 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், தம் 82ஆம் வயதில் அன்னார் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டு யோசெமிட்டியில் ஒரு மலைச் சிகரத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மாணவச் செல்வங்களே! கடைசித் தட்டு கையில் இருக்கும்போதும் பதறாமல் சிந்தித்தவர், நான்கு நாள் தோற்றும் ஐந்தாம் நாள் விடியலில் எழுந்தவர் அன்சல் ஆடம்ஸ். அவருடைய பொறுமையை நீங்களும் பழகுங்கள்.

பெற்றோர்களே! ஒளிமானி வெண்பனியைச் சாம்பல் என்று அளந்தது போலவே, பள்ளிக்கூட மதிப்பெண்கள் அச்சிறுவரை மந்தம் என்று அளந்தன. தந்தையார் அவ்வளவை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளவில்லை. நம் பிள்ளைகளிடமும் மதிப்பெண்ணில் அடங்காத சாயல்கள் உண்டு. அவற்றைக் கண்டு வளர்ப்பது பெற்றோர், ஆசிரியர் ஆகிய நம் அனைவரின் கடமையாகும்.