கப்பலோட்டிய தமிழரின் கம்பெனி புகட்டும் பாடம்

ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது, நம் குடியிருப்பில் கடை வைத்தும் வண்டி ஓட்டியும் சிறு தொழில் செய்தும் வாழும் குடும்பங்களே நம் நினைவிற்கு வந்தன. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய்க் காலத்தில் எல்லைச் சாவடி அடைபட்டதையும், கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய சரக்கு வராமல் நின்றதையும் ஆனைகட்டித் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கையில் சிறிது சேமிப்பு வைத்திருந்தோர் பின்னர்க் கடையைத் திறந்தனர். அன்றன்றைய வரவையே நம்பியிருந்தோர் சிலரின் கடைகள் பூட்டியபடியே கிடந்தன. வணிகத்திற்கு இடர் வருமுன் செய்ய வேண்டுவது யாது, வந்தபின் செய்ய வேண்டுவது யாது என்று எண்ணியபோது, நம் கண்முன் தோன்றியவர் வ. உ. சிதம்பரனாரே. அவரைத் தேசபக்தராக அறியாதார் இலர். வணிகராக அவரை அறிந்தோர் சிலரே.

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். அன்னையார் பரமாயி அம்மையார். சிதம்பரனாரும் சட்டம் பயின்று சொந்த ஊரில் வழக்காடினார். 1900-ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்னும் வெள்ளையர் நிறுவனத்தின் கையில் இருந்தது. வணிகரும், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் ஏழை மக்களும் அக்கம்பெனி கேட்ட கட்டணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். இந்நிலையை மாற்ற எண்ணிய சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்வித்தார். மூலதனம் ரூபாய் 10 லட்சம். பங்கு ஒன்று ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமைந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் மட்டும் இரண்டு லட்ச ரூபாய்க்குப் பங்குகள் எடுத்துக்கொண்டார். சாதியும் சமயமும் பாராது பலரும் பணம் இட்டனர்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஒரு கப்பல் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தே ஓட்டினர். எதிரிக் கம்பெனியின் நெருக்குதலால் அந்த நிறுவனம் கப்பல் தர மறுத்தது. முதல் இடர் இவ்வாறு வந்தது. சிதம்பரனார் சோர்ந்து உட்காரவில்லை. உடனே கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்திப் போக்குவரத்து நிற்காமல் காத்தார். வாடிக்கைக்காரர் ஒருமுறை வேறிடம் சென்றுவிட்டால் திரும்ப அழைப்பது அரிது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதனோடு அவர் நிற்கவில்லை. வாடகைக் கப்பலை நம்பியிருக்குமளவும் கம்பெனியின் உயிர் பிறர் கையில் இருக்கும் என்று தெளிந்தார். சொந்தக் கப்பல் வாங்கியே தீர்வது என்று உறுதி பூண்டு, வடநாடு சென்று பங்குகள் விற்றுப் பொருள் திரட்டினார். 1907-ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்தை வந்தடைந்தன. காலியாவில் 1,300-க்கு மேற்பட்ட பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் செல்ல இடமிருந்தது. ஓர் இடரை வென்ற கையோடு, அதே இடர் மீண்டும் வராதபடி வேரையே அறுத்த இச்செயலை வணிகர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து வந்தது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் இனாமாகக் கொடுத்ததாகச் சொல்வர். பல துறைமுகங்களில் வருவாய் உள்ள நிறுவனத்திற்கு ஒரு வழித்தடத்தின் இழப்பு பெரிதன்று. ஒரே வழித்தடத்தை நம்பிய சுதேசிக் கம்பெனிக்கோ அதுவே உயிர்நிலை. மக்களின் நாட்டுப்பற்று சில காலம் கப்பலை நிரப்பிற்று. ஆயினும் இழப்பைத் தாங்கும் ஒதுக்கு நிதி கம்பெனியிடம் போதிய அளவு இல்லை.

இந்நிலையில் சிதம்பரனார் அரசியலிலும் முன்னணியில் நின்றார். 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி அவர்களுக்குக் கூலி உயர்வு பெற்றுத் தந்தார். கம்பெனிப் பொறுப்பாளருள் சிலர் அரசியலை விடுமாறு அவரை வற்புறுத்தினர். அவர் இணங்கவில்லை. அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது பின்னர்க் குறைக்கப்பட்டது.

புகைவண்டி இலாகாவில் எழுத்தராகப் பணியாற்றும் நமக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுவதுண்டு. ஒரு நிலையத்தின் மாஸ்டர் நோயுற்றால் மாற்று மாஸ்டர் வருகிறார், வண்டி நிற்பதில்லை. சுதேசிக் கம்பெனியிலோ கப்பல் தேடியவர், பங்கு விற்றவர், வணிகரை இணைத்தவர், அஞ்சியவருக்குத் தைரியம் சொன்னவர் எல்லாம் ஒருவரே. அந்த ஒருவர் சிறை சென்றதும் அவ்விடத்தில் நின்று தாங்க ஆள் இல்லை. அதிகாரிகளின் சினத்திற்கு அஞ்சிப் பங்குதாரரும் வணிகரும் பின்வாங்கினர். 1911-ஆம் ஆண்டு கம்பெனி கலைக்கப்பட்டது. அதன் கப்பல்களில் ஒன்று எதிரிக் கம்பெனியின் கைக்கே போயிற்று என்பர். சிறையில் பட்ட துன்பத்தினும் இச்செய்தியே அப்பெருமகனாரின் நெஞ்சைப் பெரிதும் வருத்தியிருக்கும்.

அந்நாளில் அவர் இருந்த இடங்கள் நமக்கு அயலானவையல்ல. நம் ஆனைகட்டியிலிருந்து மலையிறங்கி, மாங்கரை, தடாகம் வழியே சென்றால் வரும் கோயம்புத்தூரில்தான் 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அவர் சிறையிருந்தார். அங்கேதான் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். பின்னர்க் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். கோயம்புத்தூரிலிருந்து கண்ணூருக்குச் செல்லும் இருப்புப்பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே செல்கிறது. அப்பாதையில் வண்டி ஏறும்போதெல்லாம் நாம் அவரை நினைப்பதுண்டு.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் விடுதலையானபோது அவரிடம் கம்பெனியும் இல்லை, வழக்கறிஞர் உரிமையும் இல்லை. சென்னையில் அரிசிக் கடை முதலிய சிறு வணிகங்களைச் செய்து பார்த்தார், வறுமை தீரவில்லை. ஆண்டுகள் சில சென்றபின் வாலஸ் என்னும் வெள்ளைய நீதிபதியின் உதவியால் வழக்காடும் உரிமை மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தமிழ்ப் பணியையும் அவர் விடவில்லை. தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை கண்டார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். லட்சங்களைத் திரட்டிக் கப்பல் வாங்கிய அப்பெரியார், கடைக்காரர்களுக்குத் தாம் தரவேண்டிய சிறு சிறு கடன்களைத் தம் உயிலில் கணக்காக எழுதிவைத்தே கண்மூடினார். தொழில் அழிந்த பின்னும் நாணயம் அழியாது நின்றமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர் தொடங்கிய முயற்சி வீண் போகவில்லை. 1919-ஆம் ஆண்டு வால்சந்த் ஹிராசந்த் முதலியோர் பம்பாயில் சிந்தியா கப்பல் கம்பெனியை நிறுவினர். அவர்களையும் அதே கட்டணப் போர் தாக்கிற்று. ஆனால் பெருமுதலும், ஒருவருக்கொருவர் தோள் கொடுத்த கூட்டாளிகளும் இருந்தமையால் அவர்கள் நிலைத்தனர். 1923-ஆம் ஆண்டு வெள்ளையர் கம்பெனியையே உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தனர். தூத்துக்குடியில் இல்லாது போனவை எவை என்பது இதனால் விளங்கும். துணிவு அங்கே குறையவில்லை. ஒதுக்கு நிதியும், அடுத்து நின்று பொறுப்பேற்கும் ஆளும், இடர்க்காலத்தில் கைவிடாத பங்குதாரருமே குறைந்தனர்.

ஆகவே அன்பர்களே, சிறு கடையாயினும் வரவில் ஒரு பங்கைத் தொடாத நிதியாக ஒதுக்குங்கள். ஒரே வழியில் வரும் சரக்கையும், ஒரே இடத்து வாடிக்கையையும் நம்பியிராதீர்கள். கணக்கும் கொள்முதலும் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்திருத்தல் போதாது. மனைவியரும் வளர்ந்த பிள்ளைகளும் அவற்றைக் கற்றிருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நம்மவர் ஒருவர் கடைக்கு இடர் வந்தால் அவரை விட்டு விலகாது, அந்நாளில் அவர் கடையிலேயே சாமான் வாங்குவோமாக. சிதம்பரனாருக்கு அன்றைய தமிழர் செய்யத் தவறியது அதுவே. வெளியூரில் வாழும் நாம் ஒருவருக்கொருவர் அதனைச் செய்வோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!