கிறித்தவக் கம்பர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை

தமிழன்னைக்கு அணிகலன் பூட்டி மறைந்த புலவர்கள் பலர். அவர்களுள் சிலருடைய பெயரை நாம் பரீட்சைக்காக ஒரு தடவை மனப்பாடம் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் விட்டுவிடுகிறோம். கிறித்தவக் கம்பர் யார் என்ற கேள்விக்கு ஒரு வரி விடையாக மட்டும் நின்றுபோனவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதும் அந்த ஒரு வரிதான். அதற்குப் பின்னால் ஒரு மனிதர் பட்ட பாடு இருக்கிறது. அதை நம் மாணவச் செல்வங்களும் அவர்களைப் பெற்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இம்மலரில் இதை எழுதுகிறேன். மதம் பரப்புவதற்கு அல்ல. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலக் கூடுகிறவர்கள் நாம். அந்த மனத்தோடு படித்தால் போதும்.

திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்ற சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் கிருஷ்ணபிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ வேளாளர் குடும்பம். நெற்றியில் திருநாமம், நாவில் ஆழ்வார் பாசுரம், வீட்டில் கம்பராமாயணம். தந்தையார் கம்பன் மீது தீராத பற்றுள்ளவர். ஆகவே மற்றப் பிள்ளைகள் கதை கேட்டு வளர்வது போல இவர் கம்பனைக் கேட்டு வளர்ந்தார். நம் வீடுகளில் பிள்ளைகள் ஆறு மாதம் கேட்டால் ஒரு சினிமாப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார்கள் அல்லவா? அதே போலத்தான். காதில் விழுந்ததெல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் வாழ்க்கை எப்படியெப்படியோ திரும்பிய போதும் அந்தச் செல்வம் அவரை விட்டுப் போகவில்லை.

படித்த இளைஞருக்கு வேலை வேண்டும். அக்காலத்தில் தமிழ்ப் புலவருக்கு என்ன வேலை? ஜமீன்தாரைப் பாடலாம், அல்லது பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லலாம். திருநெல்வேலிப் பகுதியில் அந்த நாளில் பெரிய பள்ளிக்கூடங்கள் நடத்தியவர்கள் கிறித்தவ மிஷன்காரர்கள். சாயர்புரத்தில் ஜி. யு. போப் அமைத்த கல்விக்கூடம் ஒன்று இருந்தது. பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான். போப் அங்கிருந்து போன பிறகு, 1853-இல், தமிழாசிரியர் வேலைக்கு ஆள் தேடினார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கால்டுவெல் ஐயரிடம் இருந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய பெரும் அறிஞர் அவர். வந்தவர்களைச் சோதித்துக் கிருஷ்ணபிள்ளையைத் தேர்ந்தார். அப்போது இவருக்கு 26 வயது. கிறித்தவரிடம் சம்பளம் வாங்கினாலும் கிறித்தவத்தின் மீது இவருக்குக் கொஞ்சமும் விருப்பம் கிடையாது. தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனவர். திருநாமத்தோடு போனார், திருநாமத்தோடு திரும்பினார்.

ஐந்து ஆண்டுகள் இப்படி. அந்த ஐந்து ஆண்டில் உள்ளுக்குள் என்ன நடந்தது என்பதை வெளியிலிருந்து அளந்து சொல்ல முடியாது. அவர் உள்ளத்தில் குற்ற உணர்வு என்னும் சுமை ஏறிக்கொண்டே போயிற்று என்பது மட்டும் அவருடைய பாடல்களைப் படிப்பவருக்குத் தெரியும். தாம் நல்லவர் அல்லர், தம் நல்வினைகளால் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊரார் பார்வையில் அவரிடம் ஒரு குறையும் இல்லை. நல்ல குலம், நல்ல கல்வி, மரியாதையான வேலை. வெளியில் ஒருவருக்கும் தெரியாத பாரம்தான் தூக்குவதற்கு மிகவும் கஷ்டமானது. கிறித்தவரான நண்பர்களோடு பேசினார், படித்தார், வாதாடினார், பின்வாங்கினார், மறுபடியும் படித்தார்.

1858-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் ஞானஸ்நானம் பெற்றார். சொந்த ஊரில் அல்ல. தூரத்தில், சென்னை மயிலாப்பூரில் தோமையார் பெயரால் அமைந்த ஆலயத்தில். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் முன்னால் சேர்ந்தது. எச். ஏ. என்பது அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வேளாளர் மதம் மாறுவது என்றால் லேசான காரியமா? சாமி படத்தை மாற்றி மாட்டுவதோடு முடிந்துவிடாது. உறவு அறுந்துபோகும். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வேறு பந்தி தேடுவார்கள். பெற்ற தாய் அழுவாள். கட்டின மனைவி எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிப்பாள். கிருஷ்ணபிள்ளைக்கும் வீட்டில் எதிர்ப்பு இருந்தது. மனைவி முத்தம்மாள் உடனே அவர் வழிக்கு வரவில்லை, காலம் சென்ற பின்னரே வந்தார். உள்ளத்துப் பாரத்தை இறக்கி வைத்த மனிதர், அதே நாளில் தனிமை என்ற இன்னொன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்பிக்கை வந்ததும் கஷ்டமெல்லாம் பறந்துபோயிற்று என்று சிலர் சரித்திரம் எழுதுகிறார்கள். இவர் விஷயத்தில் அப்படி எழுத முடியாது.

சென்னையில் பெர்சிவல் ஐயரின் தினவர்த்தமானி பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தார். மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். பிறகு மறுபடியும் தென்பாண்டிச் சீமைக்கே வந்தார். சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் என்று வாழ்நாளெல்லாம் வகுப்பறைதான். வாத்தியார் வேலையும் எழுத்து வேலையும் ஒன்றாகச் செய்தவர். எங்களைப் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி அவர் எழுதிய பெருங்காவியத்துக்கு வருவோம். அதற்கு முன் இங்கிலாந்துக்குப் போய் ஜான் பனியன் என்ற ஏழையை ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும். கிருஷ்ணபிள்ளையின் காவியத்துக்கு விதை போட்டவர் அவர்.

பனியன் 1628-இல் பெட்போர்டு நகருக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்ற கிராமத்தில் பிறந்தார். பாத்திரத்துக்கு ஈயம் பூசி ஓட்டை அடைப்பது குடும்பத் தொழில். அதிகப் படிப்பு இல்லை. கடவுளைப் பற்றி மக்களிடம் பேசத் தொடங்கினார். அரசாங்க அனுமதி பெற்ற குருமார் அல்லாதார் பிரசங்கம் செய்யக் கூடாது என்று 1660-இல் பிடித்துச் சிறையில் போட்டார்கள். இனிமேல் பிரசங்கிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம். அவர் கொடுக்கவில்லை. 12 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. வீட்டில் மனைவி, பிள்ளைகள். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. அந்தப் பெண்ணை நினைத்து அவர் பட்ட வேதனை மற்ற வேதனைகளையெல்லாம் விடப் பெரியது. சிறைக்குள்ளேயே காலணி நாடா முடைந்து விற்கக் கொடுத்து அந்தக் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றினார். அப்படிப்பட்ட மனிதர் எழுதி 1678-இல் வெளிவந்த கதைதான் தமிழில் மோட்சப் பிரயாணம் என்று பெயர் பெற்றது.

கதை எளிது. ஒரு மனிதன் முதுகில் பெரிய மூட்டை. அதை இறக்கத் தெரியவில்லை. தான் வாழும் நகரம் அழியப் போகிறது என்று அறிந்து ஓடுகிறான். பெண்டாட்டி பிள்ளைகள் கூட வரவில்லை. வழியில் சேற்றில் அமிழ்கிறான். கூட வந்தவன் சேற்றைக் கண்டதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். உலக ஞானி ஒருவன் வந்து, குறுக்கு வழியில் போனால் மூட்டையைச் சுலபமாக இறக்கலாம் என்று ஆசை காட்டுகிறான். அந்த வழியில் மலையே தலைமேல் விழப் பார்க்கிறது. கடைசியில் ஒரு மேட்டில் சிலுவையைக் காண்கிறான். அங்கே கட்டு தானாக அவிழ்ந்து, மூட்டை உருண்டு, கீழே உள்ள கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் அவிழ்க்கவில்லை, அது விழுந்தது.

பால் மரம் வெட்டிய காலத்தில் காண்டா வாளியைத் தோளில் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால் நிறுக்கும் இடத்தில் வாளியை இறக்கியதும் தோள் தன்னாலே மேலே எழும்புமே, அதுதான்.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூட்டை விழும்போது கதையில் கால் பங்குகூட ஆகவில்லை. கஷ்டமலை ஏறுவது அதற்குப் பிறகு. அரக்கனோடு சண்டை, மரண நிழலின் பள்ளத்தாக்கு, உடன் வந்த தோழன் மாயச் சந்தையில் கொல்லப்படுவது, சந்தேகக் கோட்டையில் அடைபட்டுக் கிடப்பது, எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்னும் ஒன்று. சிலுவையடியில் மூட்டை போனபோது அவன் கையில் ஒரு சுருளைக் கொடுத்தார்கள். முத்தி நகரத்தின் வாசலில் காட்ட வேண்டிய சீட்டு அது. கஷ்டமலையில் பாதி வழியில் கொடி நிழலில் தூங்கியவன் அந்தச் சுருளைத் தவறவிட்டு, மேலே போன பிறகு உணர்ந்து, அழுதுகொண்டே ஏறிய மலையைத் திரும்ப இறங்கித் தேடி எடுக்கிறான். எதை இறக்கி வைப்பது, எதற்காகத் திரும்பி வந்தாவது எடுத்துக்கொள்வது என்ற இரண்டும் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இந்தக் கதை தமிழ் உரைநடையில் ஏற்கெனவே வந்திருந்தது. கிருஷ்ணபிள்ளை அதை எடுத்துத் தமிழ்க் காப்பியமாகவே ஆக்கினார். இரட்சணிய யாத்திரிகம் என்று பெயர். இரட்சணியம் என்றால் மீட்பு, யாத்திரிகம் என்றால் பயணம். ஐந்து பருவங்கள், 3,700-க்கு மேற்பட்ட பாடல்கள். நற்போதகம் என்ற மாத இதழில் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. 1894-இல் நூலாக அச்சேறியது. அப்போது அவருக்கு 67 வயது. மாதா மாதம் எதுகை மோனை தவறாமல் விருத்தம் எழுதி அனுப்புவது எத்தனை பொறுமை கேட்கும் வேலை! வகுப்புக்குப் போக வேண்டும், குடும்பத்தைப் பார்க்க வேண்டும், உடம்பும் தளர்ந்துகொண்டு வரும். விட்டுவிடக் காரணம் ஆயிரம் இருந்திருக்கும். அவர் விடவில்லை.

சும்மா மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பனியன் கதையில் இல்லாத இடத்தில் இயேசுநாதர் பாடுபட்டு மரித்த சரித்திரத்தை விரிவாகச் சேர்த்தார். நெஞ்சு உருகும் பகுதி அது. கம்பன் நாட்டையும் ஆற்றையும் பாடிய முறையில் தம் காவியத்தைப் பாடினார். காவியத்தின் நடுவே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாடல்களும் உண்டு. வைணவர் வீட்டில் கேட்ட கம்பனும் ஆழ்வார்களும் அந்த விருத்தங்களில் நடமாடுகிறார்கள். கிறித்தவக் கம்பர் என்று ஊர் அழைத்தது புகழ்ச்சிக்காக மட்டும் அல்ல, காரணத்தோடுதான்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு ஒன்று. அவர் புதுப் பெயர் பெற்ற பின்னும் கிருஷ்ண என்ற பழைய பெயரை எடுத்துவிடவில்லை. பெருமாள் பெயரைத் தாங்கிக்கொண்டே இயேசுவைப் பாடினார். தம் உள்ளத்தை அழுத்தியது குற்ற உணர்வு என்று அவருக்குத் தெரிந்தது, அதை இறக்கினார். தாய் தந்தையர் வைத்த பெயரும், தந்தையார் காதில் ஊற்றிய தமிழும் தம்மை அழுத்தவில்லை என்பதும் தெரிந்தது. அவற்றைக் கீழே வைக்கவில்லை. வெள்ளைக்கார மிஷன்காரர் நடுவே நெடுங்காலம் வேலை பார்த்தவர், நினைத்திருந்தால் ஆங்கிலேயர் போலவே மாறியிருக்கலாமே!

பெற்றோர்களிடம் இதை ஒட்டி ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் காலத்தில், தமிழ்ப் பள்ளி பிள்ளைக்கு வீண் சுமையாகிவிடுமோ, ஒரு மொழி குறைந்தால் நல்லதுதானே என்று நம்மில் பலர் தயங்குகிறோம். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிபோனவர்கள் பலர். போகும்போது எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டுத்தான் லாரி ஏறினோம். மலாயும் ஆங்கிலமும் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. தமிழ் அந்த மூட்டையில் சேர்ந்ததா, கையிலிருந்த சுருளில் சேர்ந்ததா என்பதைப் பிள்ளையைச் சேர்க்கும் நாளுக்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

கிருஷ்ணபிள்ளை முதுமையிலும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. இரட்சணிய மனோகரம் என்ற பாடல் தொகுதி 1899-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1900 பிப்ரவரி 3-ஆம் நாள், தம் 72-ஆம் வயதில் காலமானார். பனியனின் கதையில் முத்தி நகரத்துக்கு இப்பால் ஓர் ஆறு உண்டு; அதற்குப் பாலம் கிடையாது. அதைத் தாண்டும் பகுதியை அவர் காவியமாகப் பாடி முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய காவியத்தை முழுவதும் படித்தவர்கள் இன்று குறைவு. கீர்த்தனைப் புத்தகத்தில் உள்ள அவர் பாட்டுகள் மட்டும் தமிழ்ச் சபைகள் உள்ள இடமெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றைப் பாடுகிறவர்களில் பலருக்கு எழுதியவர் பெயர் தெரியாது.