டாக்டர் ருக்மாபாய் அம்மையார்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களைப் பற்றிக் கேள்விப்படாதார் நம்மில் சிலரே. பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், வாரியங்களுக்குக் குடவோலை எடுக்கும் விதிகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டன. 35 வயது நிரம்பாதவன் பெயரை ஓலையில் எழுதலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஊர் ஏரியை ஓராண்டு பராமரிக்கவே இத்துணைப் பக்குவம் வேண்டுமென்று விதித்த தேசத்தில், ஆயுள் முழுவதையும் பிணைக்கும் விவாகத்திற்குப் பெண்ணின் வயதோ சம்மதமோ வேண்டுவதில்லை என்று நெடுங்காலம் நடந்து வந்தது. அவ்வழக்கத்தை நியாயஸ்தலத்தில் எதிர்த்து நின்ற வீராங்கனை ருக்மாபாய்.

அவர் 1864இல் பம்பாயில் தச்சர் வகுப்பில் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் டாக்டர் சகாராம் அர்ஜுனை மறுமணம் புரிந்துகொண்டார். 11ஆம் வயதில் ருக்மாபாயை தாதாஜி பிக்காஜி என்பவருக்கு மணம் முடித்தனர். ஆயினும் அவர் புருஷன் வீடு செல்லாமல், தாய் வீட்டிலிருந்தே கல்வியை வளர்த்துக்கொண்டார். 1884இல், மனைவியைத் தம்மிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று தாதாஜி பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில், தம் சம்மதமின்றி நடந்த சடங்கு தம்மைக் கட்டுப்படுத்தாது என்பதே ருக்மாபாயின் வாதம்.

1885இல் ஜட்ஜ் பின்ஹே வழக்கைத் தள்ளினார். அப்பீலில் அத்தீர்ப்பு புரண்டது. 1887இல் ஜட்ஜ் பாரன், ஒரு மாதத்திற்குள் புருஷனிடம் செல்லவேண்டும், இன்றேல் 6 மாதம் சிறைவாசம் என்று உத்தரவிட்டார். சிறை செல்லவும் சித்தமென்றார் அம்மையார். ஹிந்து தர்மத்திற்கு ஆபத்து என்று அன்று பலர் கூக்குரலிட்டனர். நாம் போற்றும் திலகரும் அப்பக்கமே நின்றார் என்பதை மறைப்பது முறையன்று. மனைவியைக் கோர்ட்டு உத்தரவால் அழைத்துவரும் பரிகாரமோ நம் தர்ம சாஸ்திரம் தந்ததன்று. இங்கிலாந்தின் பாதிரிக் கோர்ட்டுகளில் பிறந்து, ஆங்கில ஜட்ஜுகளால் இங்கே இறக்குமதியானது. அந்நியச் சரக்கை ஸ்வதர்மமென்று கருதிக் காத்த விந்தை அது!

1888இல் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி சமாதானமானார். ஆனால் விவாகம் ரத்தாகவில்லை. ரத்துக்கு அன்றைய ஹிந்து சட்டத்தில் வழியே இல்லை. புருஷன் வேறு பெண்ணை மணக்கலாம். அம்மையாருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் 1889இல் இங்கிலாந்து சென்று வைத்தியம் பயின்று திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் 30 ஆண்டுகளுக்கு மேல் மாதர்க்கு வைத்தியம் செய்தார். 1955 செப்டம்பரில் காலமானார்.

அதே ஆண்டு மே மாதம் ஹிந்து விவாகச் சட்டம் அமலுக்கு வந்தது. முதல் தாரமோ புருஷனோ உயிருடனிருக்க நடந்த மணம் செல்லாது. பலாத்காரத்தாலோ வஞ்சனையாலோ பெற்ற சம்மதத்தின் மேல் நடந்த மணத்தை, அது நீங்கிய அல்லது வெளிப்பட்ட ஓராண்டிற்குள் மனுச் செய்து ரத்தாக்கலாம் என்று அது வகுத்தது. ஆனால் பால்ய விவாகத்தை, பிராயம் குறைந்த காரணத்திற்காக மட்டும் ரத்தாக்க அதில் இடமில்லை. அவ்வாசல் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே திறந்தது. 18 வயது நிரம்புமுன் மணம் செய்விக்கப்பட்ட பெண், 20 வயது நிரம்புவதற்குள், தான் வசிக்கும் இடத்து மாவட்டக் கோர்ட்டில் மனுச் செய்து மணத்தை ரத்தாக்கலாம். மைனராயின் கார்டியனோ நண்பரோ, பால்ய விவாகத் தடை அதிகாரியுடன் சேர்ந்து மனுச் செய்யலாம். நகைகளைத் திருப்பித்தரவும், அவள் மறுமணம் செய்யும்வரை ஜீவனாம்சம் தரவும் கோர்ட்டு உத்தரவிடலாம். ரத்தானாலும் குழந்தைகளின் சட்டபூர்வமான பிறப்புரிமைக்குப் பங்கமில்லை.

வாசல் திறந்திருக்கிறது, ஆனால் அது கெடு வைத்த வாசல். 20 வயது கடந்தபின் இச்சட்டத்தைக் கேள்வியுறும் பெண்ணுக்கு அதனால் பயன் யாது? கிராமந்தோறும் செல்லும் தொண்டர்கள் இச்செய்தியைக் காலத்தில் கொண்டுசேர்ப்பார்களாயின், அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.